டூ விட்ட சொல்

நடந்தது இந்த வரிசையில்தான் நடந்தது.

1. தையல் மிஷின் எண்ணெயும் புதுத் துணியின் கஞ்சியும் கலந்து மணக்கும் பலகையில் உட்கார்ந்து, நான் இங்கிலீஷில் ஒரு கடிதம் எழுதினேன்.

2. அதன் அடியில் அப்பா தமிழில் கையெழுத்துப் போட்டார்.

3. மாட்டுங்காவில் ஒரு பள்ளிக்கூட ஆபீஸ் ஜன்னலில் அதை வாங்கிய கிளார்க், உள்ளே இருந்தவர்களுக்கெல்லாம் கேட்கும்படி வாசித்தார்.

4. எல்லாரும் சிரித்தார்கள்.

5. அப்பாவும் சிரித்தார்.

முதல் நான்கு மட்டும் நடந்திருந்தால் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

அறுபதுகளின் நடுவில், எனக்குப் பன்னிரண்டு வயதானபோது, எங்கள் வீடு தாராவியில் ஒரு சந்தில் இருந்தது. எங்கள் கதவைத் திறந்தால் எதிர்வீட்டுக் கதவில் இடிக்கும். அப்பாவுக்குத் தோல் பட்டறையில் வேலை. சுண்ணாம்புத் தொட்டியில் ஊறிய தோலை எடுத்துப் பலகையில் போட்டு மயிர் சுரண்டுவார். அதனால் அவருடைய விரல் நகங்கள் எப்போதும் வெளுத்தே இருக்கும். அம்மா வீட்டிலேயே கடைகளுக்குத் தலையணை உறையும் பாவாடையும் தைத்துக் கொடுப்பாள். அறையில் பாதியை அவளுடைய தையல் மிஷின் பிடித்துக்கொள்ள, மீதிப் பாதியில் நாங்கள் மூவரும் இருந்தோம்.

நான் படித்த முனிசிபல் தமிழ்ப் பள்ளி ஏழாம் வகுப்போடு முடிந்துவிட்டது. மாட்டுங்காவில் ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்பில் ஒரே ஓர் இடம் மீதம் இருக்கிறது என்றும், சேரப்போகும் பிள்ளையே தன் கைப்பட இங்கிலீஷில் தன்னைப் பற்றிக் கடிதம் எழுதித் தர வேண்டும் என்றும் பட்டறையில் யாரோ அப்பாவிடம் சொல்லியிருந்தார்கள். அந்த இடம் கிடைத்தால் சயின்ஸ் படிக்கலாம். கிடைக்காவிட்டால் மிஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பித்தான் தைக்கலாம். மூன்றாவது வழி எதுவும் எங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை.

அப்போதைய என் இங்கிலீஷ் எப்படிப்பட்டது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பள்ளியில் ஒருநாள் கரும்பலகையில் ‘வெரி என்றால் ரொம்ப’ என்று எழுதிப் போட்டார்கள். இன்னொரு நாள் ‘டூ என்றாலும் ரொம்ப’ என்று எழுதிப் போட்டார்கள். ஒரு ரொம்பவுக்கு எதற்கு இரண்டு சொல் என்று வகுப்பில் யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. நானாகவே ஒரு விடை கண்டுபிடித்துக்கொண்டேன். நம் பேச்சில் ஒன்றைப் பெரிதுபடுத்த வேண்டுமானால் எழுத்தை நீட்டுகிறோம். பெரிய வீட்டைவிடப் பெரியது ‘பெரீய’ வீடு, ‘தூரம்’ என்றால் நடந்து போகலாம், ‘தூஊரம்’ என்றால் பஸ் பிடிக்க வேண்டும். அப்படியானால் நெடிலாக நீண்டு ஒலிக்கும் ‘டூ’, ‘வெரி’யைவிட ஒரு படி மேலாகத்தான் இருக்க வேண்டும். கடிதத்தில் கஞ்சத்தனம் எதற்கு என்று எல்லா இடத்திலும் ‘டூ’வையே போட்டேன். மெதுவாக என்பதற்கு ‘ஸ்லோலி’, அழகாக என்பதற்கு ‘பியூட்டிஃபுல்லி’ என்று படித்திருந்ததால், நம்முடைய ‘ஆக’தான் அவர்களுடைய ‘லி’ என்று முடிவு கட்டி, கடினமாகப் படிப்பேன் என்பதற்கு ‘ஹார்ட்லி’ என்று எழுதினேன். கணக்குப்படி பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

ஜன்னலில் இருந்த கிளார்க் காதோரம் நரைத்தவர், பார்க்கச் சாதுவானவர். கடிதத்தை ஒரு தடவை தனக்குள் படித்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பென்சிலை எடுத்துக்கொண்டு, நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளி, குரலை உயர்த்தினார்.

“‘ஐ ஆம் டூ இன்ட்ரெஸ்டட் இன் சயின்ஸ்.’ சரி, குழந்தைக்கு ஆசை ஜாஸ்தியாயிடுத்து. ‘அவர் ஹவுஸ் இஸ் டூ நியர்.’ அடடா, வீடு ரொம்பக் கிட்டக்க இருக்காம், அதனால வர முடியாதாம்! ‘ஐ வில் ஸ்டடி ஹார்ட்லி.’ பேஷ், உள்ளதைச் சொல்லிடுத்து. படிக்கவே மாட்டேங்கறது!”

உள்ளே டைப் அடித்துக்கொண்டிருந்த அம்மாள் கையை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். எங்களுக்குப் பின்னால் வரிசையில் நின்ற இரண்டு பேரும் சிரித்தார்கள்.

“‘மை ஃபாதர் இஸ் டூ குட்.’ ஏம்ப்பா, நல்லவனா இருக்கறது உனக்கு ஜாஸ்தியாப் போயிடுத்தா?”

“ஆமா சார்,” என்றார் அப்பா. சொல்லிவிட்டு அவரும் சிரித்தார். மகள் எழுதியதைக் கேட்டுப் படித்தவர்கள் நாலு பேர் சந்தோஷப்படுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, பல் தெரிய, என் தலையில் கையை வைத்தபடி சிரித்தார்.

கிளார்க் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தார். “சனிக்கிழமை பன்னண்டு மணி வரைக்கும் இடத்தை வெச்சிருக்கேன். தெரிஞ்சவா யார்கிட்டயாவது காட்டி நன்னா எழுதிண்டு வா.”

ரயில் பாலத்தில் ஏறும்போது அப்பா கேட்டார்: “எதுக்குப் பிள்ள சிரிச்சாவ?”

“தெரியலப்பா.”

“நல்லாத்தான் எழுதியிருக்கப் போல.”

பாலத்துக்குக் கீழே ரயில் போகும் சத்தம் முடியும்வரை கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

‘தெரிஞ்சவா’, அதாவது இங்கிலீஷ் தெரிந்தவர்கள் என்று எங்கள் சந்தில் ஒருவரும் இல்லை. வீட்டில் இருந்த ஒரே இங்கிலீஷ் புத்தகம், அம்மா பழைய மிஷினை வாங்கியபோது அதோடு வந்த கையேடு. பாதிப் பக்கங்களில் எண்ணெய்க் கறை. மறுநாள் மத்தியானம் அதை எடுத்துப் புரட்டினேன். கடைசியில் ஓர் அட்டவணை இருந்தது. இடது பக்கம் கோளாறு, வலது பக்கம் காரணம். அந்தக் காரணங்களில் வரிக்கு வரி ‘டூ’ இருந்தது. ‘நூல் அறுகிறது’ என்ற கோளாறுக்கு எதிரே ‘டென்ஷன் டூ டைட்’ என்று போட்டிருந்தது. மிஷினில் டென்ஷன் என்பது நூலின் இறுக்கம்.

“யம்மா, டென்ஷன் ஸ்க்ரூவ இறுக்கிட்டா என்னாவும்?”

“இறுக்குனா ஒண்ணும் ஆவாது. இறுக்கம் ஜாஸ்தியானாத்தான் நூலு அறும். ஏட்டி, மிஷினத் தொட்டியா?”

“தொடல. பொஸ்தவத்துல போட்டிருக்கு.”

“இதுக்கொரு பொஸ்தவமா? எங்கிட்டக் கேட்டா சொல்லியிருப்பம்லா.”

ஜாஸ்தி. அந்தக் கிளார்க்கும் அந்தச் சொல்லைத்தான் சொல்லியிருந்தார். பம்பாயில் பிறந்த எனக்கு ‘ரொம்ப’வும் தெரியும், ‘ஜாஸ்தி’யும் தெரியும். டீ ரொம்ப இனிப்பாக இருந்தால் அப்பா இன்னொரு கிளாஸ் கேட்பார். சீனி ஜாஸ்தி என்றால் கிளாஸைக் கீழே வைத்துவிடுவார். வீட்டில் நாள்தோறும் பிரித்துப் பேசியதை இங்கிலீஷில் நான் ஒன்றாகப் போட்டுக் குழப்பியிருந்தேன்.

நோட்டின் பின்பக்கத்தில் கோடு போட்டு, கையேட்டில் ‘டூ’ வந்த இடங்களையெல்லாம் ஒரு பக்கமும் ‘வெரி’ வந்த இடங்களையெல்லாம் ஒரு பக்கமும் எழுதினேன். ‘வெரி லிட்டில் ஆயில்’, அதாவது ஒரே ஒரு துளி எண்ணெய் விட்டால் மிஷின் நன்றாக ஓடும். ‘டூ மச் ஆயில்’ என்றால் துணி கறைபடும். ‘நீடில் டூ ஃபைன்’, ஊசியின் மெலிவு ஜாஸ்தி என்றால் அது உடையும். ‘வெரி’ வந்த இடத்தில் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. ‘டூ’ வந்த இடத்தில் எல்லாம் ஏதாவது ஒன்று அறுந்தது, உடைந்தது, சிக்கியது. எங்கள் சந்தில் பிள்ளைகள் சண்டை வந்தால் விரலை முகத்துக்கு நேரே நீட்டி “உன்கூட டூ” என்போம். இந்தி பேசும் பிள்ளைகள் அதையே ‘கட்டி’ என்பார்கள். அன்றோடு பேச்சு முறிந்துவிடும். இந்த ‘டூ’வும் கிட்டத்தட்ட அதே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தது என்று கண்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. சில இடங்களில் அந்த நெடிலுக்குப் பின்னால் குறிலாக ஒரு ‘டு’ வந்தது. ‘டூ திக் டு பாஸ்’: நூல் தடிமன் ஜாஸ்தி, ஊசிக்கண்ணில் நுழையாது. நெடில் எதையோ முடியாது என்கிறது, எது முடியாது என்பதைக் குறில் சொல்கிறது.

மடிப்புத் தையல் பற்றிய பக்கத்தில் ‘ஹார்ட்லி’யும் கிடைத்தது. நன்றாகத் தைத்தால் வெளிப்பக்கம் தையல் ‘ஹார்ட்லி விசிபிள்’ என்று எழுதியிருந்தது.

“யம்மா, நீ மடிச்சுத் தச்சா வெளிய தையல் தெரியுமா?”

“தெரிஞ்சா அது என் தையலாட்டி?”

ஆக ‘ஹார்ட்லி’ என்றால் இருக்கிறதா இல்லையா என்று தேட வேண்டிய அளவு. படிப்பேனா என்று கேட்டால் தேடிப் பாருங்கள் என்று நானே எழுதி, அப்பாவின் கையெழுத்தும் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். பிழைகளை ஒவ்வொன்றாகத் திருத்தினேன். ‘வெரி இன்ட்ரெஸ்டட்’, ‘வெரி நியர்’, ‘ஸ்டடி ஹார்ட்’. அப்பாவைப் பற்றிய வரிக்கு வந்தபோது பென்சில் நின்றது. ‘மை ஃபாதர் இஸ் டூ குட்.’ அதில் ‘வெரி’ என்று மாற்றினால் போதும். ஆனால் யோசிக்க யோசிக்க அந்த வரி பிழையாகத் தெரியவில்லை. முடிக்காமல் விட்ட வரியாகத் தெரிந்தது. நெடில் வந்துவிட்டது, குறில்தான் இன்னும் வரவில்லை. என்ன வர வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. ‘லாஃப் அட்’ பள்ளிப் பாடத்தில் இருந்தது. ‘டு பி’ என்று தொடங்குவதை எண்ணெய் விடும் பக்கத்தில் பார்த்து எடுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை அதே ஜன்னல், அதே கிளார்க். பட்டறையில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு அப்பா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். கிளார்க் இந்தத் தடவையும் சத்தமாகத்தான் தொடங்கினார். டைப் அடிக்கும் அம்மாளும் சிரிக்கத் தயாராகக் கையை நிறுத்தினாள். சயின்ஸ் வரி போயிற்று, வீட்டு வரி போயிற்று, படிப்பு வரி போயிற்று. ஒன்றும் அகப்படவில்லை.

“‘மை ஃபாதர் இஸ் டூ குட்...’ மறுபடியும் பாரு, ‘டூ குட் டு பி...’”

அதற்குமேல் அவர் சத்தமாக வாசிக்கவில்லை. ‘மை ஃபாதர் இஸ் டூ குட் டு பி லாஃப்ட் அட்’ என்று நான் எழுதியிருந்தேன். என்னைப் பார்த்தார். கடிதத்தை எடுத்துக்கொண்டு தலைமை ஆசிரியையின் அறைக்குள் போனார். சற்று நேரத்தில் எங்களையும் கூப்பிட்டார்கள்.

தலைமை ஆசிரியை கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “யார் எழுதிக் கொடுத்தா இதை?”

“நானே எழுதினேன், டீச்சர்.”

“இந்தக் கடைசி வரியை விட்டுட்டு வேற காகிதத்துல எழுதிக் கொடு. இடம் தரேன்.”

“அதுல தப்பு இருக்கா, டீச்சர்?”

“தப்பு இல்லை. அதிகப்பிரசங்கித்தனம். அந்த வரி வேண்டாம்.”

அப்பா என்னைப் பார்த்தார். “என்ன வரி பிள்ள?”

அதைத் தமிழில் சொல்ல வேண்டிவரும் என்று நான் நினைத்திருக்கவில்லை. சொன்னால், அன்றைக்கு எதற்காகச் சிரித்தார்கள் என்பதும் அவருக்குத் தெரிந்துவிடும். “எங்கப்பா நல்லவரு, அவரப் பாத்து யாரும் சிரிக்கக் கூடாதுன்னு எழுதியிருக்கேம்பா.”

அவர் கிளார்க்கின் பக்கம் திரும்பவில்லை. தன் வெளுத்த நகங்களைப் பார்த்தார். காகிதத்தை மாற்றி எழுது என்றுதான் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். சொல்லியிருந்தால் எழுதியிருப்பேன், அதையும் மறைக்கவில்லை.

“எழுத்துல தப்பு இல்லன்னு நீங்களே சொல்லுதிய,” என்றார் தலைமை ஆசிரியையிடம், குரலை உயர்த்தாமல். “அப்பம் அது இருந்துட்டுப் போட்டும், டீச்சர்.”

“யோசிச்சுச் சொல்லறேன்,” என்று அவர் கடிதத்தை ஒரு ஃபைலுக்குள் வைத்தார்.

திங்கட்கிழமை பெயர்ப் பட்டியலை ஒட்டினார்கள். என் பெயர் இல்லை.

அம்மா மிஷினை நிறுத்தாமலே கேட்டாள். “அப்ப சீட்டு போச்சா? ரெம்பத்தான் ரோசம், அப்பனுக்கும் மவளுக்கும்.” சிறிது நேரம் மிதித்துவிட்டு, “வரியில இருந்தது நெசந்தானே,” என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். பிறகு பித்தான் டப்பாவை என் பக்கம் தள்ளினாள்.

ஒரு வருடம் பித்தான் தைத்தேன். அது நஷ்டம்தான், இல்லை என்று சொல்லி அதை அலங்கரிக்க எனக்கு விருப்பமில்லை. கூடப் படித்தவர்கள் ஒரு வகுப்பு மேலே போய்விட்டார்கள். அடுத்த வருடம் செம்பூரில் தமிழ்வழிப் பள்ளி ஒன்றில் அப்பா இடம் பிடித்தார். அங்கே கடிதம் கேட்கவில்லை, பெயரும் வயதும்தான் கேட்டார்கள். பிறகு டிப்ளமோ. இப்போது செம்பூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். சூடு ஜாஸ்தி என்று எங்கள் ரிப்போர்ட்டில் எழுத முடியாது; எத்தனை டிகிரி என்று எழுத வேண்டும். அந்த ஒழுங்கு எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அன்று எழுதிய அந்த ஒரு வரியை எந்த டிகிரியில் எழுதியிருக்க முடியும் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம். அதிகப்பிரசங்கித்தனம் என்றார்கள். அளவாகத்தான் எழுதினேன் என்று இன்றைக்கும் சொல்கிறேன்.

போன வருடம் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்காக அந்த மாட்டுங்காப் பள்ளிக்குப் போனேன். ஜன்னல் இருந்த இடத்தில் கவுன்ட்டர் வந்திருக்கிறது. அச்சடித்த படிவம் தருகிறார்கள், கட்டங்களை நிரப்பினால் போதும். பிள்ளைகள் தங்களைப் பற்றி எழுதும் கடிதம் இப்போது இல்லை. அதைக் கேட்டுச் சிரிப்பதும் இல்லை, அந்தச் சிரிப்புக்குப் பதில் சொல்ல ஒரு வரியும் இல்லை. அந்தப் பெண் தன்னைப் பற்றி ஒரு பக்கம் இங்கிலீஷில் எழுதி வைத்திருந்தாள். படிவத்தோடு சேர்த்துக் குண்டூசி குத்திக் கொடுத்தேன். கவுன்ட்டரில் இருந்தவர் குண்டூசியைக் கழற்றி, “இது தேவையில்ல மேடம்,” என்று அந்தத் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அவளுக்கு இடம் கிடைத்தது. அப்பா வேலையை விட்டுவிட்டு செம்பூருக்குப் பக்கத்தில் சுனாபட்டியில் என்னோடு இருக்கிறார். அந்தப் பெண் எழுதிய தாள் என்னிடம் இருக்கிறது. அதில் இரண்டு பிழைகள் உள்ளன, நான் திருத்தவில்லை.