தீவுக்குக் கொண்டு போகக் கூடாத கார்

இன்று முருங்கனில் ஒரு பழைய ஹைபிரிட் கார் வாங்கினேன். விற்றவர் ஓய்வுபெற்ற ரீச்சர். கணவர் இறந்தபின் ஓட்ட ஆளில்லாமல் தினமும் துடைத்து வைத்திருந்தாராம்.

கார்த் திறப்பைத் தரும்போது சொன்னார்: “தம்பி, தீவுப் பக்கம் மட்டும் கொண்டு போகாதேங்கோ. உப்புக் காத்து தகரத்தைத் திண்டுபோடும்.”

“ஓம் ரீச்சர்” என்றேன்.

இடம்பெயர்ந்து வவுனியாவில் இருந்த நாங்கள் அடுத்த கிழமை மன்னார்த் தீவில் இருக்கிற பேசாலைக்கே திரும்புகிறோம். அதைச் சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் தரமாட்டார்.

பேசாலை வீட்டைப் பார்க்கப் போகிற வழியில், தீவுக்குப் போகிற மன்னார்ப் பாலத்தடியில் இறங்கி நின்றபோது ரீச்சர் எனக்குப் போன் எடுத்தார்.

“எங்கை நிக்கிறீங்கள் தம்பி?”

“வவுனியா றோட்டில, ரீச்சர்.”



“போனில கடல் காத்து இரையுது தம்பி. பரவாயில்லை, கிழமைக்கு ஒருக்கா நல்ல தண்ணியில கீழ்ப்பக்கத்தைக் கழுவி விடுங்கோ.”

ஏசியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். திரும்பப் போன் எடுத்து அவரிடம் என்ன சொல்வது? யாராவது சொல்லித் தாருங்கோ.