மூன்று முறை சாவியைத் திருப்பினேன்

என் தம்பியைப் பற்றி யாராவது நல்லதாக ஒரு வார்த்தை சொன்னால் எனக்கு வயிறு எரியும். இன்று நேற்று வந்த வியாதி இல்லை இது. அவன் என்னைவிட ஏழு வயது சின்னவன். பெருங்குடியில் ஐடி கம்பெனியில் பெரிய வேலை, பக்கத்திலேயே பெரிய ஃபிளாட், ஏணி வைத்து ஏற வேண்டிய உயரத்தில் ஒரு வண்டி. நான் தேனாம்பேட்டையில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் காலம் தள்ளுகிறவன். வீடு மேற்கு மாம்பலத்தில், எதிரே ஒரு ஆட்டோ வந்தால் யாராவது ஒருவர் ரிவர்ஸ் எடுத்தே தீர வேண்டிய தெருவில். என் காரும் பழையது, தரையோடு ஒட்டினாற்போலத் தாழ்வானது.

ஆனால் என்னிடம் இருந்த ஒன்று அவனிடம் இல்லை. அது சனிக்கிழமை.

அப்பா மயிலாப்பூரில் தனியாக இருக்கிறார். எண்பது தாண்டிவிட்டது, இரண்டு முட்டியும் போச்சு. வாராவாரம் சனிக்கிழமை காலை அடையாறில் பிசியோதெரபி. தம்பியின் வண்டியில் ஒரு தடவை ஏறப் பார்த்தார், காலைத் தூக்க முடியவில்லை, "வேணாம்டா, பெரியவன் வண்டியே போதும்" என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு என் மனசு அடைந்த சந்தோஷத்தை வெளியே சொன்னால் அசிங்கம். நாலு வருஷமாக சனிக்கிழமை எனக்குத்தான்.

வீட்டில் அப்பா பேசமாட்டார். பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு 'ம்' கொட்டுவதோடு சரி. காரில் ஏறி லஸ் முனை தாண்டினால் போதும், ஆள் மாறிவிடுவார். அம்மாவைப் பெண் பார்க்கப் போன இடத்தில் சூடான பஜ்ஜியை அவசரமாக வாயில் போட்டு, துப்பவும் முடியாமல் முழுங்கவும் முடியாமல் கண்ணில் தண்ணீர் வர, பெண்ணைப் பார்த்து மாப்பிள்ளை உருகிவிட்டார் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்களாம். இதைச் சொல்லி அப்பா சிரித்த சிரிப்பில் நான் சிக்னலைக் கவனிக்கவில்லை. இந்தக் கதை தம்பிக்குத் தெரியாது. தெரியாது என்பதாலேயே எனக்கு அது இன்னும் ருசித்தது.

அப்புறம் அந்த டிசம்பரில் புயல் வந்தது.

புயல் என்றால் எங்கள் ஊரில் இப்போது ஒரு பழக்கம். மழை விழுவதற்கு முன்பே காரைக் கொண்டுபோய் மேம்பாலத்தில் வரிசையாக விட்டுவிட்டு, கையை வீசிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவார்கள். முந்தின நாள் சாயங்காலம் தம்பி போன் பண்ணினான்.

"அண்ணா, நான் வண்டிய பாலத்துல விட்டுட்டேன். உங்க பக்கத்துப் பாலத்துலயும் எடம் இருக்காம். இப்பவே கொண்டுபோய் விட்டுடு, விடிஞ்சா கிடைக்காது."

"எங்க தெருவுல தண்ணி நிக்காதுடா. எனக்குத் தெரியும்" என்றேன்.

எங்கள் தெருவில் மாடு மூத்திரம் போனாலே தண்ணீர் நிற்கும். வேறு யார் சொல்லியிருந்தாலும் கிளம்பியிருப்பேன். பக்கத்து வீட்டுக்காரர் அப்போதுதான் சாவியோடு கிளம்பிக்கொண்டிருந்தார், "வரீங்களா சார்?" என்று கேட்கவும் கேட்டார். சொன்னது தம்பியாயிற்றே. போகவில்லை.

காலையில் ஜன்னல் வழியாகப் பார்த்தபோது காரின் ஹெட்லைட்டுக்கு மேலே தண்ணீர். நல்லவேளையாக மழை விட்டிருந்தது. அடுத்த நாள் மத்தியானத்துக்குள் தண்ணீர் டயர் பாதிக்கு இறங்கியது. அன்று வெள்ளிக்கிழமை. அதோடு விட்டிருந்தால், ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டு, எண்ணெயை மாற்றி, கழுவித் துடைத்து, பிழைத்திருப்பேன். எஞ்சினுக்குள் தண்ணீர் போன வண்டியை ஸ்டார்ட் பண்ணக் கூடாது என்று இந்த ஊரில் குழந்தைக்குக்கூடத் தெரியும்.

அந்த நேரம் பார்த்து தம்பி மறுபடியும் போன் பண்ணினான். "உன் வண்டி தண்ணில நின்னுதாமே, அண்ணி சொன்னாங்க. நீ அலைய வேணாம். நாளைக்கு அப்பாவ நான் கூட்டிட்டுப் போறேன். ஏறுறதுக்கு ஒரு சின்ன ஸ்டூல் வாங்கி வெச்சிருக்கேன்."

ஸ்டூல்! நாலு வருஷமாக இல்லாத புத்தி இப்போது வந்துவிட்டது பார்.

"ஒண்ணும் தேவையில்ல. என் வண்டி நல்லாத்தான் இருக்கு" என்று போனை வைத்தேன். வைத்த கையோடு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கி, ஈர சீட்டில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். 'டொக்' என்று ஒரு சத்தம். மறுபடி திருப்பினேன். மூன்றாவது தடவை உள்ளே ஏதோ ஒடிந்த மாதிரி கேட்டது. அதற்குப் பிறகு சத்தமே இல்லை.

பால்கனியிலிருந்து என் மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள். "தம்பி சொன்னா மட்டும் உங்களுக்குக் காது அடைச்சிக்கும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

கம்பெனி சர்வீஸ் சென்டருக்கு வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். அங்கே ஏற்கெனவே புயலில் நனைந்த வண்டிகள் கல்யாண வீட்டுச் செருப்பு மாதிரி குவிந்து கிடந்தன. கழுத்தில் அட்டை மாட்டிய ஒரு பெண் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே கேட்டாள்: "தண்ணில இருக்கும்போது ஸ்டார்ட் பண்ணீங்களா சார்?"

"சேச்சே, தொடவே இல்லம்மா."

பத்து நாள் கழித்துக் கூப்பிட்டார்கள். எஞ்சினையே மாற்ற வேண்டுமாம். இன்சூரன்ஸ் வராது, எஞ்சினுக்குத் தனியாகச் சேர்க்க வேண்டிய பாலிசியை நான் சேர்க்கவில்லையாம். அவள் சொன்ன தொகைக்கு என் காரை மாதிரி இரண்டு கார் வாங்கலாம். "எவ்ளோ நாள் ஆகும்?" என்றேன். "பார்ட்ஸ் வரணும் சார், ரெண்டு மாசம் வெச்சிக்கோங்க." பணத்தைவிட அந்த இரண்டு மாசம்தான் என்னைக் குத்தியது. எட்டு சனிக்கிழமை.

ஏனென்றால் அதற்குள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டோக்கள் வர ஆரம்பித்திருந்தன. தம்பி வண்டியின் முன்சீட்டில் அப்பா. பெசன்ட் நகர் கடற்கரையில் அப்பா. இன்னொன்றில் கையில் இளநீரோடு அப்பா. என்னோடு வரும்போது பிசியோதெரபி முடிந்ததும் நேரே வீடுதான், "வெயில்டா, கிளம்பு" என்பார். அந்தப் போட்டோவைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். சிரித்துக்கொண்டுதான் இருந்தார். பஜ்ஜிக் கதையைச் சொல்லியிருப்பாரோ என்று நினைத்த மாத்திரத்தில் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தேன்.

தம்பி ஒரு நாள், "எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் எஞ்சின் வேலையில கெட்டிக்காரர்ணா, நான் பேசட்டுமா?" என்றான். அவர் கையில் என் வண்டி உயிர் பிழைத்தால் அந்தப் பெருமையும் இவனுக்குத்தானே போகும்? வேண்டாம் என்றேன். மாம்பலம் ரயில்வே லைனை ஒட்டி ஒரு ஷெட் உண்டு. அங்கே இழுத்துக்கொண்டு போய் விட்டேன்.

அந்த மெக்கானிக்குக்கு என் வயசு இருக்கும். ஒரு கம்பியை உருவி எண்ணெயைப் பார்த்தார். எண்ணெய் பால் ஊற்றிய டீ நிறத்தில் இருந்தது. "வுட்டுட்டுப் போ சார், பிரிச்சிட்டு சொல்றேன்" என்றார். மூன்றாம் நாள் போனபோது எஞ்சினைப் பிரித்துத் தார்ப்பாயில் பரப்பியிருந்தார். அதிலிருந்து ஒரு இரும்புத் தண்டை எடுத்து என் கையில் கொடுத்தார். பிஸ்டனைத் தாங்குகிற ராடாம். நேராக இருக்க வேண்டியது, லேசாகக் கூனியிருந்தது.

"இன்னா சார் இது?"

"என்ன?"

"சும்மா நின்னுக்கினு இருந்த வண்டில ராடு வளையாது சார். எத்தினி வாட்டி சாவி போட்ட?"

"ஒரு தடவ..."

அவர் என்னையே பார்த்தார்.

"மூணு" என்றேன்.

"தண்ணி நிக்கசொல்லோ மூணு வாட்டியா? அப்பிடி இன்னா அவசரம் உனக்கு?"

என்ன சொல்வது? என் தம்பி ஒரு ஸ்டூல் வாங்கிவிட்டான் என்று சொல்ல முடியுமா? "ஆஸ்பத்திரி அவசரம்" என்றேன். அவர் முகம் உடனே இளகிவிட்டது. "அட, முன்னாடியே சொல்றதில்ல சார்" என்று எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். அந்த டீயைக் குடிக்கும்போது எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

பிறகு வழக்கமான கதைதான். புதுப்பேட்டை பழைய பார்ட்ஸ் கடைகளில் ராடு தேடினோம். ஒன்று கிடைத்தது, பொருந்தவில்லை. லேத்துக்காரர் ஊருக்குப் போய்விட்டார். "ரெண்டு நாள்ல குட்த்துர்றேன் சார்" என்று மெக்கானிக் சொன்ன இரண்டு நாள்களை மட்டும் சேர்த்தாலே பொங்கல் வந்துவிட்டது. ஆபீஸ் முடிந்து தினமும் அந்த ஷெட்டுக்குப் போய் நின்றேன். எனக்குப் பின்னால் வந்த ஒரு வெள்ளைக் கார் சரியாகி வெளியே போனபோது, முன்பின் தெரியாத அந்த ஆள் மேலேயும் எனக்குப் பொறாமை. அவருக்கும் ஒரு அப்பா இருப்பார், எங்கேயாவது கூட்டிக்கொண்டு போவார் என்று நினைத்துக்கொண்டேன்.

கம்பெனியில் கேட்டதில் பாதிதான் மெக்கானிக் வாங்கினார். அந்தப் பாதிக்கே மனைவியின் இரண்டு வளையல் அடகுக்குப் போயிற்று. அவளே கழற்றி என் கையில் வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள். திட்டியிருந்தால் தேவலை.

தை மாதம் பாதி போன பிறகு வண்டி வந்தது. வெள்ளிக்கிழமை ராத்திரியே அப்பாவுக்குப் போன் பண்ணி, "நாளைக்கு நான் வர்றேன்பா" என்றேன். "வண்டி ரெடியா? சந்தோஷம்டா" என்றார்.

மறுநாள் அரை மணி முன்பாகவே மயிலாப்பூர் போய்விட்டேன். கீழ்த்தள வீடு. நடையில் செருப்பைக் கழற்றும்போது ஜன்னல் வழியாக அப்பாவின் குரல் கேட்டது. காது மந்தமானவர் போனில் பேசினால் தெருவுக்கே கேட்கும். தம்பியோடுதான் பேசிக்கொண்டிருந்தார்.

"இல்லடா, இன்னிக்கு நீ வராத. ... ஆமாண்டா, உன் வண்டிதான் எனக்கு சௌகரியம், ஸ்டூல் மேல கால வெச்சா சுளுவா ஏறிடுறேன், இறங்குறேன். அவன் வண்டி பள்ளத்துல உக்கார்ற மாதிரி. எழுந்திரிக்கறதுக்குள்ள முட்டியில உயிர் போயிடும். நாலு வருஷம் எப்படியோ ஓட்டிட்டேன். ... அதெப்படிடா சொல்ல முடியும்? பாவம், பொண்டாட்டி நகைய வெச்சி ரிப்பேர் பண்ணியிருக்கான். கொஞ்ச நாள் அவன்கூடப் போய்ட்டு வரேன். அவனுக்கு இதவிட்டா என்ன இருக்கு?"

செருப்போடு நின்றேன். ஒரு நல்ல மகன் என்ன செய்வான் என்று எனக்குத் தெரியும். உள்ளே போய், "தம்பியே வரட்டும்பா" என்று சொல்வான். அதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது. அந்த வார்த்தை என் தொண்டை வரைக்கும் வந்தது என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். வரவில்லை.

அப்பா போனை வைக்கும் வரை காத்திருந்து பெல் அடித்தேன். "கிளம்பலாமாப்பா?" என்றேன்.

"வா, வா" என்று எழுந்தார். வழியெல்லாம் பேசினார். எஞ்சின் சத்தமே கேட்கவில்லையே என்று பாராட்டினார். அடையாறில் வண்டியை நிறுத்திக் கதவைத் திறந்தேன். இறங்க மூன்று தடவை முயற்சி பண்ணினார். மூன்றாவது தடவை கதவை இறுக்கிப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து நின்று, என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"வண்டி ஜம்முனு ஓடுதுடா" என்றார்.

"அடுத்த சனிக்கிழமையும் நானே வந்துடுறேன்பா" என்றேன்.