நோயலின் பகல் இல்லம்

நோயலுக்கு ஒரு பழக்கம் உண்டு. புதிதாக ஒரு தெருவுக்குள் போனால் கடைகளையோ வீடுகளையோ பார்க்கமாட்டார். மொட்டைமாடிகளில் காயும் துணிகளைப் பார்ப்பார். குட்டிச் சட்டைகள் அதிகமா, பள்ளிச் சீருடையா, வேட்டியும் நூல் புடவையுமா என்று கண் தானாகவே போய்விடும். எந்த வயதுக்காரர் எவ்வளவு காலம் வாழ்வார் என்று கணக்குப் பார்க்கும் காப்பீட்டு அலுவலகத்தில் வேலைக்காலம் முழுவதும் கழித்தவர். ஓய்வு பெற்ற பிறகும், யாராவது ஓர் ஊரின் பேரைச் சொன்னால் அங்கே எந்த வயதுக்காரர்கள் அதிகம் என்றுதான் முதலில் கேட்பார்.

அந்தப் பழக்கம் ஒருமுறை நன்றாகவே பலித்தது. கன்னட நாட்டுப் பெருநகரத்தின் ஈஜிபுரா பகுதியில் வீடு வாங்கிய புதிதில், கம்பெனி வேலைக்காக வந்து இறங்கும் இளம் ஜோடிகள் இந்தப் பக்கம்தான் வாடகைக்கு வருவார்கள், குழந்தை பிறந்தால் பார்த்துக்கொள்ள ஆள் இருக்காது என்று கணித்தார். மனைவி கேத்தரினைப் பள்ளிக்கூட வேலையை விடச் சொல்லி, கீழ்வீட்டில் குழந்தைகள் காப்பகம் தொடங்க வைத்தார். கேத்தரின் தயங்கித் தயங்கித்தான் ஆரம்பித்தாள். சொந்தக் குழந்தை இல்லாத வீடு அது. கொஞ்ச நாளில், மாடியிலிருந்து அவர் கூப்பிட்டால் அவள் காதில் விழாத அளவுக்குக் கீழே சத்தம் நிறைந்துவிட்டது.

இப்போது அந்தச் சத்தம் குறைந்து வந்தது. முன்பெல்லாம் மூத்தது பள்ளிக்குப் போனால் அடுத்த ஆண்டே இளையது வந்து சேரும். இப்போது இளையது வருவதில்லை. “ஒண்ணே போதும் ஆன்டி” என்று அம்மாக்கள் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார்கள். நோயல் கணக்குப் போட்டார். இனிமேல் குழந்தைகள் குறைவார்கள், வயதானவர்கள் கூடுவார்கள். ஓய்வுப் பணத்தைப் போடுவதானால் முதியவர்கள் பகலில் வந்து இருந்துவிட்டுப் போகும் ஓர் இல்லத்தில் போட வேண்டும்.

எங்கே என்பதையும் அவர் சும்மா முடிவு செய்யவில்லை. மக்கள்தொகைக் கணக்கு எடுத்து வெகுகாலம் ஆகிவிட்டதால் வாக்காளர் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு வயது வாரியாகப் பிரித்தார். ஈஜிபுராவில் அறுபதைத் தாண்டியவர்கள் அங்கொருவர் இங்கொருவர்தான். நகரத்துக்கு வெளியே ஆனேக்கல் பட்டியலில் ஒவ்வொரு பக்கத்திலும் நிறைய இருந்தார்கள். வீட்டை விற்று, ஓய்வுப் பணத்தையும் சேர்த்து, ஆனேக்கலில் இடம் வாங்கிக் கட்டிவிடலாம் என்றார்.

ஆப்பிளைச் சின்னச் சின்னதாக நறுக்கிக்கொண்டிருந்த கேத்தரின் தலை நிமிரவில்லை. “உங்க கணக்கு எப்பவும் சரியாத்தானே இருந்திருக்கு” என்றாள்.

சம்மதம் என்று அவர் எடுத்துக்கொண்டார். முழுச் சம்மதம் இல்லை என்பதும் அவருக்குத் தெரிந்தே இருந்தது. அந்த இடத்துக்காகப் புரோக்கர் நாகேஷிடம் திங்கட்கிழமை முன்பணம் தருவதாகச் சொல்லிவிட்டார்.

அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை கேத்தரினுக்குப் பல்வலி. டாக்டரிடம் போகும்போது, பிள்ளைகளைக் கூட்டிப்போக ஆள் வரும் நேரத்தில் கேட் பக்கம் உட்காரும்படி அவரிடம் சொல்லிவிட்டுப் போனாள். உள்ளே குழந்தைகளைக் காப்பகத்தில் உதவிக்கு இருந்த பிரபா பார்த்துக்கொண்டாள். நோயல் கீழே வந்தபோது நேரம் நிறையவே இருந்தது. ஆனால் கேட் ஓரத்து பெஞ்சு ஏற்கெனவே நிறைந்திருந்தது. பேரப்பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்த பெரியவர்கள்.

இன்னும் நேரம் இருக்கிறதே என்று நோயல் கேட்டார்.

“தெரியும் சார்” என்றார் ஓரத்தில் இருந்த கோவிந்தராஜன். தருமபுரிக்காரர், மகன் வீட்டில் இருப்பவர். “வீட்ல உக்காந்தா டிவி. இங்க உக்காந்தா மனுஷங்க.”

“அவர் பேரனுக்காகவா வராரு? உங்க வீட்டம்மா போடற டீக்காக வராரு” என்றாள் பக்கத்தில் அவரைக்காய் நார் உரித்துக்கொண்டிருந்த பாகீரதி. அவளுக்கு ஆரணி. மகளுக்குப் பிரசவம் பார்க்க வந்து அப்படியே தங்கிவிட்டவள்.

கோவிந்தராஜன் மறுக்கவில்லை. “மூடறீங்களாமே சார். பசங்களுக்கு வேற எடம் கெடைச்சிடும். எங்களுக்குத்தான் பெஞ்சு போச்சு” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

நோயலுக்கு எதுவோ இடித்தது. பெஞ்சில் இருந்த ஒருவர் பேரும் ஈஜிபுரா வாக்காளர் பட்டியலில் பார்த்த நினைவில்லை. அவருக்கு வேறு விதமாகக் கேட்கத் தெரியாது. “உங்களுக்கெல்லாம் ஓட்டு எங்க?” என்றார்.

“ஊர்லதான். இங்க எதுக்கு சார்? எலெக்ஷன்னா பஸ் ஏறிப் போய்ப் போட்டுட்டு வந்துடுவேன்.”

“அதையும் இங்க மாத்திட்டா அப்பறம் எனக்கு ஊர்ல என்னதான் இருக்கு?” என்றாள் பாகீரதி. மற்றவர்களும் தலையாட்டினார்கள்.

இத்தனை பேரும் காகிதத்தில் தருமபுரியிலும் ஆரணியிலும் குடியிருந்தார்கள். அங்கே வீடு பூட்டிக் கிடந்தது. ஆனேக்கல் பட்டியலில் இருந்தவர்களோ அவரவர் வீட்டிலேயே இருந்தார்கள். இடம் பார்க்கப் போன அன்று நோயலே பார்த்திருக்கிறார். ஒருவர் மாட்டை ஓட்டிப் போனார், ஒருத்தி பூக் கட்டினாள், இரண்டு பேர் கடைவாசலில் கன்னடத்தில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். பகலில் வந்து உட்கார அவர்களுக்கு இன்னொருவர் கட்டிய இடம் வேண்டியிருக்கவில்லை.

அவர் அண்ணாந்து பார்த்தார். சொந்தத் தெருவின் மாடிகளை அவர் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது. ஜீன்ஸுக்கும் சுடிதாருக்கும் நடுவே, ஏறக்குறைய எல்லா மாடியிலும், ஒரு வேட்டி காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

எல்லோரும் போன பிறகு காப்பக அறைக்குள் போனார். சுவரில் ஒட்டியிருந்த மிருகப் படங்களில் பாதியைக் காணவில்லை. பசைத் தடம் மட்டும் இருந்தது. வீங்கிய கன்னத்தோடு கேத்தரின் வந்து நின்றாள்.

“யார் பிச்சது?”

“நான்தான். ஒரே நாள்ல பிச்சா பெயின்ட்டும் சேர்ந்து வந்துடும். வாங்கறவங்க குறை சொல்வாங்க. அதான் தினம் ஒண்ணு.”

அத்தனை நாளும் அவர் மேலே உட்கார்ந்து பட்டியல் பார்த்திருக்கிறார். அவள் கீழே ஒரு நாளைக்கு ஒரு மிருகமாக எடுத்திருக்கிறாள்.

அங்கேயே நின்று நாகேஷுக்குப் போன் செய்து, வேண்டாம் என்றார். “சார், சொல்ப, கொஞ்சம் யோசனை பண்ணுங்க, அப்பறம் ரேட் ஏறிடும்” என்று அவன் கெஞ்சினான். யோசித்துவிட்டுத்தான் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார். பிறகு கேத்தரினுக்கு விஷயத்தைச் சொன்னார். வாடகைக்குக் குடியிருந்தவர்கள் காலி செய்த கீழ்வீட்டுப் பின்கட்டு சும்மாதானே கிடக்கிறது, முதியவர்களுக்கான இல்லத்தை அங்கேயே வைத்துவிடலாம். ஓய்வுப் பணத்தில் தரையை வழுக்காததாக மாற்றி, குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி வைத்து, நல்ல நாற்காலிகள் போட்டால் போதும். முன்கட்டு காப்பகமாகவே இருக்கட்டும், எத்தனை குழந்தைகள் வந்தாலும் சரி.

கேத்தரின் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, “பசங்க கத்துவாங்களே. பெரியவங்களால தூங்க முடியுமா?” என்றாள்.

“தூங்கறதுக்கா வராங்க?”

அவள் அலமாரியைத் திறந்து, மடங்காமல் எடுத்து வைத்திருந்த யானைப் படத்தை நீட்டினாள். அவர் பசை தடவி, பழைய தடத்தின் மேலேயே ஒட்டினார். யானை சற்றுச் சாய்ந்துதான் நின்றது. கேத்தரின் அதைச் சரிசெய்யவில்லை.