வேலை போனவர்கள் போட்ட கோலம்

தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது எச்.ஆர். பெண் எனக்குப் போன் செய்தாள். தெமியாங் டவுனில் வளர்ந்த பிள்ளை, படித்தவள், மரியாதை தெரிந்தவள். செண்டாயானில் கார்களுக்கு ஒயர் கட்டித் தரும் தொழிற்சாலையில் அவளுக்கு மேல்மாடி அலுவலகத்தில் வேலை, எனக்குக் கீழே ஒயர் கட்டும் மேசையில் வேலை.

"அக்கா, இந்த வருசமும் லாபியில அரிசிக் கோலம் போடணும். டத்தோவே நேர்ல வர்றாரு" என்றாள். டத்தோ என்பது அரசு கொடுக்கும் பட்டம், எங்கள் கம்பெனித் தலைமை நிர்வாகியை எல்லாரும் அப்படித்தான் சொல்வோம்.

தீபாவளிக்குக் கம்பெனியில் எல்லாரையும் அழைத்து விருந்து வைக்கும் திறந்த இல்ல உபசரிப்பு நடக்கும். அதற்கு முதல் நாள் நாங்கள் ஏழு பெண்கள் உட்கார்ந்து, சாயம் ஏற்றிய அரிசியால் வாசல் கூடத்தில் பெரிய கோலம் போடுவோம். மயில், தாமரை, குத்துவிளக்கு என்று வருடத்துக்கு ஒன்று. அந்த ஏழு பேரில் ஐந்து பேரை முந்தின மாதம்தான் வேலையை விட்டு நிப்பாட்டியிருந்தார்கள். அதில் ஒருத்தி என் கூடப் பிறந்த தங்கச்சி.

"யாரு போடறது? ஆளுங்களத்தான் அனுப்பிட்டீங்களே" என்றேன்.

"அதுக்குத்தான் அக்கா ஒங்களக் கேக்கறேன். அவங்களக் கொஞ்சம் கூப்புடுங்களேன். விசிட்டர் பாஸ் குடுத்துருவோம். மத்தியானம் பிரியாணி இருக்கு. இந்த வருசத்து தீம், 'நாம் ஒரே குடும்பம்' லா."

எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. "குடும்பத்துல அஞ்சு பேரு போயிட்டா அந்த வருசம் தீபாவளியே கொண்டாட மாட்டாங்க. ஒங்க வீட்ல எப்படி?" என்று கேட்டேன். "மேல சொன்னத நான் சொல்றேன் அக்கா" என்றாள். அதுவும் உண்மைதான். அந்தக் கட்டடத்தில் யாரைக் கேட்டாலும் மேலே என்றுதான் கை காட்டுவார்கள். மேலே போய்ப் பார்த்தால் அங்கேயும் ஒருவர் கூரையைக் காட்டுவார்.

ஆட்குறைப்பு நடந்த விதத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரு காலை எல்லாரையும் கேன்டீனுக்குக் கூப்பிட்டு, உலகச் சந்தை சரியில்லை, ஆர்டர் குறைந்துவிட்டது, அதனால் மறுசீரமைப்பு என்று நிர்வாகி ஒருவர் பேசினார். பெயர் வாசிக்கப்பட்டவர்கள் பாதுகாப்புச் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் போகலாம் என்றார்கள். சட்டப்படி கொடுக்க வேண்டியதைக் கொடுத்தார்கள், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பத்தொன்பது வருடம் அங்கே நின்று கால் வீங்கிய என் தங்கச்சி, காலில் செருப்புக்கூட இல்லாமல் பஸ் நிற்கும் இடம் வரை நடந்து வந்தாள். வீட்டிலிருந்து செருப்பு கொண்டுவர வேண்டும் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்?

அதே வாரம் கம்பெனியின் ஆண்டறிக்கை வெளிவந்தது. தரப் பரிசோதனையில் இருக்கும் ஒருவர் சாப்பாட்டு நேரத்தில் அதைப் போனில் எடுத்து, டத்தோவின் சம்பளம் இருக்கும் பக்கத்தை எங்களுக்குக் காட்டினார். அந்த எண்ணை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் சைபரை எண்ணிக்கொண்டு உட்கார்ந்துவிடுவீர்கள், நான் சொல்ல வந்தது நின்றுவிடும். முந்தின வருடத்தைவிட அது ஏறியிருந்தது. செலவைக் கட்டுக்குள் கொண்டுவந்ததற்காகத் தனி போனஸ் வேறு. செலவு என்றால் என்ன என்று யோசித்துப் பார்த்தேன். என் தங்கச்சிதான் அந்தச் செலவு.

"அவருக்குப் பொறுப்பு அதிகம் அக்கா, அதான் சம்பளமும் அதிகம்" என்றார் காட்டியவர். எனக்கு இந்தப் பொறுப்புக் கணக்குதான் புரிவதே இல்லை. லாபம் வந்தால் டத்தோவின் திறமை. ஆர்டர் குறைந்தால் உலகச் சந்தை. பொறுப்புக்குச் சம்பளம் வாங்குகிறவர் ஒருவர், பொறுப்பைச் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போகிறவர்கள் வேறு ஆட்கள். டத்தோ கம்பெனியின் முதலாளிகூட இல்லை. அவரும் எங்களைப் போல ஒரு சம்பளக்காரர்தான். அவர் பணக்காரராக இருப்பதில் எனக்கு வயிற்றெரிச்சல் இல்லை. எங்களை அனுப்பியதற்கு அவருக்குப் பரிசு கொடுத்தார்களே, அதுதான் ஆறவில்லை.

கோபித்துக்கொண்டு வேறு இடம் போகலாம் என்றால் அதற்கும் வழி இல்லை. நாங்கள் இருப்பது புக்கிட் பெலண்டோக் பக்கத்தில் ஒரு செம்பனை எண்ணெய்த் தோட்டத்து வரிசை வீடு, லயம் என்போம். தோட்டம் ஒரு பெரிய குழுமத்துடையது. தொழிற்சாலையும் அதனுடையதுதான். செண்டாயான் பக்கம் தோட்டத்தை அழித்து வீடு கட்டி விற்றதும் அதுதான். மாதச் சாமான் வாங்கும் பேரங்காடியில்கூட அதற்குப் பங்கு இருக்கிறதாம். தோட்டத்தில் இப்போது பெண்களுக்கு மிச்சம் இருக்கும் வேலை ஒன்றே ஒன்று: முதுகில் தோம்பு என்கிற மருந்துத் தொட்டியைக் கட்டிக்கொண்டு செம்பனைக்கு அடியில் புல்லைக் கொல்லும் மருந்து அடிப்பது. எங்கள் அம்மா அதைத்தான் செய்தார். அவர் கை நகங்கள் எப்படி ஆயின என்பதை நாங்கள் இரண்டு பேரும் பார்த்திருக்கிறோம். அந்த வேலைக்குப் போகவே கூடாது என்றுதான் தங்கச்சி ஒயர் மேசைக்கு வந்தாள். இப்போது நாற்பத்தாறு வயதில் வேறு எந்தத் தொழிற்சாலையும் அவளை வாசலுக்கு உள்ளே விடவில்லை. தீபாவளி முடிந்து வா, சேர்த்துக்கொள்கிறேன் என்று மருந்து அடிக்கும் குத்தகையில் ஆட்களை மேய்க்கும் மண்டோர் சொல்லியிருந்தார்.

போன் வந்த விஷயத்தை அவளிடம் சொல்லிச் சிரிக்கலாம் என்றுதான் அன்று சாயந்திரம் போனேன். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிறார்கள் பார் என்றேன். அவள் சிரிக்கவில்லை.

"டத்தோ வர்றாராமா?" என்று கேட்டாள்.

"வந்தா?"

"நான் போறேங்கா. மத்தவங்களையும் நான் கூப்புடறேன்."

"ஒனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? தொரத்துனவன் வாசல்ல போயி கோலம் போடுவியா?"

"அவரு நம்ம ஆளுக்கா. தமிழ் பேசுவாரு. நம்ம கஷ்டம் அவருக்குத் தெரியாமயா இருக்கும்? கீழ இருக்கறவனுங்க சொல்லியிருக்க மாட்டானுங்க. நேர்ல ஒரு வார்த்த கேட்டுப் பாக்கறேன். போனா ஒரு நாளு, வந்தா வேல."

நம்ம ஆளு! இந்த இரண்டு வார்த்தையைக் காட்டித்தான் எங்களை நூறு வருடமாகக் கட்டி மேய்க்கிறார்கள். அந்தக் காலத்துக் கங்காணியும் நம்ம ஆளுதான். இதைச் சொல்லி அவளோடு நன்றாகச் சண்டை போட்டேன். எல்லாம் முடிந்ததும், "அப்ப தோம்பத் தூக்கச் சொல்றியா?" என்று மட்டும் கேட்டாள்.

ஐந்து பேரும் வந்தார்கள். எத்தனையோ வருடம் காலையில் அவர்களுக்கு வணக்கம் சொன்ன நேப்பாளிக் காவலாளி, அடையாள அட்டையை வாங்கிப் பெயர் எழுதும்போது முகத்தை நிமிர்த்தவே இல்லை. நல்ல புடவை கட்டி, பூ வைத்து, கல்யாண வீட்டுக்கு வந்ததுபோல வந்திருந்தார்கள். ஒருத்தி டத்தோவுக்கு என்று வீட்டில் சுட்ட முறுக்கை டின்னில் கொண்டுவந்திருந்தாள். எனக்கு அந்த டின்னைப் பிடுங்கி ரோட்டில் எறியலாம் போல இருந்தது.

மயில் வேண்டாம், நடுவில் கம்பெனி முத்திரையைப் போடுங்கள் என்று மேலே இருந்து உத்தரவு. முத்திரையின் நீலம் சரியாக வரவேண்டும் என்று ஒரு அதிகாரி மூன்று தடவை இறங்கி வந்து பார்த்தார். தங்கச்சிதான் அந்த நீலத்தை எடுத்துக்கொண்டாள். அரிசியை விரலிடுக்கில் விட்டு விட்டு, ஓரம் பிசகாமல் நிரப்பினாள். அவள் அவ்வளவு கவனமாகப் போட்டதைப் பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சல்தான் ஏறியது. கொஞ்சம் கோணலாகத்தான் போடேன், யார் கேட்கப் போகிறார்கள் என்றேன். "சும்மா இருக்கா" என்றாள்.

மறுநாள் டத்தோ பட்டு ஜிப்பாவில் வந்தார். குத்துவிளக்கு ஏற்றினார், கோலத்தைச் சுற்றி நடந்து வந்தார். ஆள் கொடுமைக்காரராக இருந்தாலாவது வசதியாகத் திட்டியிருக்கலாம். முகம் நல்ல முகம். குரலும் மெதுவான குரல்.

"யாரு போட்டது? பியூட்டிபுல். இந்த மாதிரி டேலண்ட நாம விட்டுறவே கூடாது" என்றார்.

தங்கச்சி ஒரு அடி முன்னால் வந்தாள். கை இரண்டையும் கூப்பியிருந்தாள். "நாங்கதான் போட்டோம் டத்தோ. நான் இங்க பத்தொம்பது வருசம் வேல செஞ்சேன். போன மாசம் நிப்பாட்டிட்டாங்க. திரும்ப எடுத்துக்கிட்டீங்கன்னா புண்ணியமா போவும்" என்றாள். அந்த இடத்தில் என் தங்கச்சியை நினைத்து எனக்குப் பெருமையாகவே இருந்தது, அதை மறைக்க மாட்டேன்.

டத்தோ அவள் பெயரைக் கேட்டார், அதைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். பிறகு எச்.ஆர். பெண் பக்கம் திரும்பி, "இவங்களப் பத்தி எனக்கு ஞாபகப்படுத்துங்க. நான் பாக்கறேன்" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். முறுக்கு டின்னையும் வாங்கிக்கொண்டார். தங்கச்சி அன்றைக்குப் பிரியாணியைத் தொடவே இல்லை, சந்தோஷத்தில் வயிறு நிறைந்துவிட்டது என்றாள்.

தீபாவளி வந்தது, போனது. போன் வரவில்லை. நான் மேலே ஏறி எச்.ஆர். பெண்ணை இரண்டு தடவை கேட்டேன், மேலே சொல்லியிருக்கிறேன் என்றாள். தங்கச்சி மருந்து அடிக்கப் போக ஆரம்பித்தாள். கொஞ்ச நாளைக்குத்தான் என்று மண்டோரிடம் சொல்லிவிட்டே போனாள். டத்தோ மேல் அவளுக்கு ஒரு வருத்தமும் இல்லை. "சாமி வரம் குடுத்தாலும் பூசாரி வுட மாட்டான். அந்தப் பொண்ணுதான் எதையோ அமுக்கி வச்சிருக்கு" என்பாள். என்னையும் அப்படி நம்பச் சொன்னாள்.

பிறகு ஒருநாள் எச்.ஆர். பெண் என் மேசைக்கே வந்தாள். முகம் மலர்ந்திருந்தது.

"டத்தோ மறக்கவே இல்லக்கா. அவரே பேரச் சொல்லிக் கேட்டாராம். வர்ற ஞாயித்துக்கிழம கோலாலம்பூர்ல அவரு வீட்டுல தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பு. ஒங்க தங்கச்சி வந்து அங்க கோலம் போடணுமாம். கூட்டிட்டுப் போகக் காடி அனுப்பறாங்க. பலகாரக் கூட, ஹேம்பர், குடுப்பாங்க. இனிமே வருசா வருசம் கூப்புடுவாங்களாம்."

"வேல?"

அவள் என் மேசையில் கிடந்த ஒயரைப் பார்த்தாள். "ஆளு எடுக்கறதில்லன்னு டத்தோவே சொல்லிட்டாராம் அக்கா."

ஆக, பூசாரி எதையும் அமுக்கி வைக்கவில்லை. பாவம், அந்தப் பெண் சொன்னபடி ஞாபகப்படுத்தியிருக்கிறாள். அவரும் ஞாபகம் வைத்துப் பார்த்திருக்கிறார். பார்த்து முடிவு செய்ததுதான் இது. விட்டுவிடக் கூடாத திறமை என்று அவர் சொன்னபோது, அதோடு ஒரு ஆளும் இருக்கிறாள், அவளுக்கு மாதச் சம்பளம் வேண்டும் என்பது அவர் மனதில் வரவே இல்லை.

லயத்துக்குப் போனபோது தங்கச்சி தண்ணீர்த் தொட்டியருகே கை கழுவிக்கொண்டிருந்தாள். இரண்டு கையிலும் விரலிடுக்கு வெடித்திருந்தது. கையுறை கொடுக்கிறார்கள், ஆனால் அதற்குள் மருந்துத் தண்ணீர் இறங்கிவிடுகிறது என்றாள். நான் விஷயத்தைச் சொன்னேன். டத்தோவே சொல்லிவிட்டார் என்பதையும் சேர்த்தே சொன்னேன். அவள் குழாயை மூடவில்லை.

"ஞாயித்துக் கெழமையா?" என்று கேட்டாள். "நல்ல வேள. வேல நாளா இருந்தா மண்டோரு வுட மாட்டாரு."

"போகாத" என்று கத்தினேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். மானம் ரோஷம் எல்லாம் எங்கே போயிற்று, அந்த ஹேம்பரில் இருக்கும் பிஸ்கட்டை நான் வாங்கித் தருகிறேன், போகாதே என்றேன்.

அவள் நிதானமாகக் கையைத் துடைத்துக்கொண்டாள். "நீ இன்னும் அங்கதானக்கா இருக்க? நான் மாட்டேன்னு சொன்னா அந்தப் பொண்ணு மேல போயி என்னான்னு சொல்லும்? அவங்க அக்கா கீழ வேல செய்யறாங்கன்னு சொல்லும். ஒனக்கு வேல போச்சுன்னா, ரெண்டு பேரும் சேந்துதான் தோம்பத் தூக்கணும்."

நான் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். என் வேலைக்காக நீ போகாதே என்று ஒரு வார்த்தை. அதை நான் சொல்லவில்லை. ஆட்குறைப்பின் அடுத்த பட்டியல் வருகிறது என்று கேன்டீனில் அப்போதே பேச்சு இருந்தது.

சனிக்கிழமை சாயந்திரம் அரிசியைக் கழுவி உலர்த்திப் பைகளில் பிரித்தோம். வெடித்த கையில் சாயம் பட்டால் எரியும் என்று அவளைத் தள்ளி உட்காரச் சொன்னேன். டத்தோ வீட்டுக் கோலத்துக்குச் சாயம் கலந்தது நான்தான்.