எல்லாமே அவர் நம்பர்

விளாங்குடியில் எங்கள் வீட்டை முழுசாகப் போனுக்குள் கொண்டுபோனது நான்தான். முதலிலேயே இதைச் சொல்லிவிடுகிறேன், பிற்பாடு யாரும் என் வீட்டுக்காரரைக் கரித்துக்கொட்டக் கூடாது. அவர் வளைகுடா நாட்டில் எலக்ட்ரிக்கல் சூப்பர்வைசர். போன லீவுக்கு வந்தபோது பெட்டி நிறையச் சாமான் கொண்டுவந்தார். பல்புகள் ஒரு கம்பெனி, வாசல் கதவுப் பூட்டு வேறொரு கம்பெனி, கேட் கேமரா இன்னொன்று, சொன்ன பேச்சைக் கேட்கிற ஸ்பீக்கர் மற்றொன்று. போர் மோட்டாருக்கான சுவிட்சை மட்டும் அவனியாபுரத்தில் ஒரு கடையில் வாங்கினார். பேச்சுவார்த்தை அற்றுப்போன பங்காளிகள் மாதிரி ஐந்துக்கும் ஐந்து ஆப். "நீதான் கம்ப்யூட்டர் படிச்சவளாச்சே, எல்லாத்தையும் சேத்து வையி" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறிவிட்டார்.

நான் எம்.சி.ஏ. கல்யாணத்துக்குப் பிறகு அந்தப் படிப்பைப் பற்றி ஒருவர் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. மகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு மூன்று வாரம் அதிலேயே கிடந்தேன். மோட்டார் சுவிட்ச் மட்டும் சேர மாட்டேன் என்று அடம்பிடித்தது. கடைக்கார அண்ணனிடம் போனில் கேட்டு, வைஃபையை இரண்டாகப் பிரித்து, மெதுவாக ஓடுகிற பாதியில் அதைச் சேர்த்தேன். கடைசியில் ஐந்தும் ஒரே ஆப்புக்குள் அடங்கின. அடுப்படியில் மாவுக் கையோடு நின்று "மோட்டார் ஆன்" என்றேன். கொல்லையில் மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்த ஆப் எடுத்த எடுப்பில் கேட்டது மொபைல் நம்பர். நான் யோசிக்கவே இல்லை, கை தானாக அவர் நம்பரை அடித்தது. எங்கள் வீட்டில் கேஸ், ரேஷன் கார்டு, கரண்ட் பில், மகளின் பள்ளிக்கூடம் எல்லாமே அவர் நம்பர்தான். இந்த ஊர் சிம்மை அவர் அங்கேயும் உயிரோடு வைத்திருக்கிறார். ஓடிபி போனதும் நான் கூப்பிடுவேன், அவர் ஆறு எண்களை வாசிப்பார். அன்றும் வாசித்தார். ஆப்பில் அவர் பெயருக்கு நேரே ஓனர் என்றும் என் பெயருக்கு நேரே மெம்பர் என்றும் வந்தது. சிரித்துக்கொண்டேன்.

சிரிப்பு ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. நான் கதவைத் திறந்தால் அவர் போனில் தகவல் விழும். அடுத்த நிமிடம் கூப்பிடுவார்.

"எங்க கெளம்பிட்ட?"

"காய் வாங்கங்க."

"சரி சரி, சும்மாதான் கேட்டேன்."

எல்லாம் சும்மாதான். ஒரு நாள் அடுப்படியில் நிற்கிறேன், ஸ்பீக்கரிலிருந்து அவர் குரல் வருகிறது: "பட்டப்பகல்ல ஹால்ல லைட்டு ஏன் எரியுது?" நான் பதில் சொல்வதற்குள் லைட் அணைந்துவிட்டது. அடித்தாரா, திட்டினாரா, ஒன்றும் கிடையாது. பிரியமாகத்தான் பேசுவார். அதனாலேயே எனக்கு மூச்சு முட்டியது. யாரிடம் போய் என்னவென்று சொல்வது? "அம்புட்டு தூரத்துல இருந்தும் ஒம்மேல எம்புட்டு அக்கறை பாரு" என்று என் அம்மாவே மெச்சிக்கொண்டாள்.

அந்தச் சமயத்தில்தான் மேலூர்ப் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் பாடம் நடத்த ஆள் வேண்டும், புதன்கிழமை நேரில் வரவும் என்று பேப்பரில் பார்த்தேன். வேலைப் பேச்சை முன்பே இரண்டு தடவை அவரிடம் எடுத்திருக்கிறேன். "நான் வந்தப்பறம் பாப்போம்" என்பார். வருவார், லீவு முடியும், போய்விடுவார். இந்தத் தடவை சொல்லாமல் போவது என்று முடிவெடுத்தேன். கடைக்கார அண்ணனைக் கூப்பிட்டு, ஆப்பில் ஓனரை மாற்ற முடியுமா என்று கேட்டேன்.

"ஏம்மா, அதுக்கு ஓடிபி பழைய ஓனர் நம்பருக்குத்தான் போகும். இல்லாட்டி எல்லாத்தையும் கழட்டி மொதல்லருந்து சேக்கணும். வீட்டுக்காரர்ட்ட கேட்டா ஓடிபி சொல்லப்போறாரு, இதுல என்ன இருக்கு?"

நான் போனை வைத்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை பேப்பரில் இன்னொரு செய்தி. மாதாந்திரப் பராமரிப்புக்காக மறுநாள் காலை பத்து மணி முதல் மாலை ஐந்து வரை எங்கள் பகுதியில் மின்தடை. கரண்ட் போனாலே வாயில் வந்தபடி வைகிற எனக்கு அன்றைக்குத் தீபாவளிபோல் இருந்தது. பத்து மணிக்குக் கரண்ட் போனதும் இன்வெர்ட்டரையும் அணைத்தேன். கேட்டால், பேட்டரியில் தண்ணீர் வற்றிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். வைஃபை செத்தது, கேமரா செத்தது. பூட்டோடு கூட வந்த சாவியை பீரோவிலிருந்து எடுத்துக் கதவைப் பூட்டினேன். எந்தத் தகவலும் எங்கேயும் போகவில்லை. மாட்டுத்தாவணியில் மேலூர் பஸ் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தபோது, நான் எங்கே இருக்கிறேன் என்று யாருக்குமே தெரியாது என்கிற நினைப்பே குளுகுளுவென்று இருந்தது.

பாலிடெக்னிக்கில் ஒரு விண்ணப்பத்தைக் கொடுத்து நிரப்பச் சொன்னார்கள். பிறகு முதல்வர், இத்தனை வருடம் என்ன செய்தீர்கள் என்று கேட்டார். ஐந்து கம்பெனிச் சாமான்களை ஒன்றாகச் சேர்த்த கதையைச் சொன்னேன். மோட்டார் அடம்பிடித்த இடத்தில் மனிதர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். "இன்னைக்கே தகவல் சொல்லிருவோம்" என்றார்.

நாலரைக்கு வீட்டுக்குள் நுழைந்துவிட்டேன். ஐந்து மணிக்குக் கரண்ட் வந்தது. ரவுட்டரில் பச்சை விளக்கு எரிந்தது, வீடு மறுபடியும் கண் விழித்தது. காபி கலந்துகொண்டிருந்தேன். ஸ்பீக்கர் மணி அடித்துவிட்டு அவர் குரலில் பேசியது.

"மேலூர் வரைக்கும் போயிட்டு வந்தியாக்கும்?"

டம்ளரைக் கீழே வைத்தேன்.

"காலேஜ்லருந்து எனக்கு மெசேஜ் வந்துச்சு. வேல கெடச்சிருச்சாம்ல. யோசிச்சுச் சொல்றோம்னு பதில் போட்டுட்டேன். நான் வந்தப்பறம் பாப்போம்."

குரலில் துளி கோபம் இல்லை. காலையில் கேமராவை அணைத்தேன், வைஃபையை அணைத்தேன், சாவியைத் தேடி எடுத்தேன். எல்லாம் செய்துவிட்டு, அந்த விண்ணப்பத்தில் மொபைல் நம்பர் என்ற இடத்தில் என் கையாலேயே அவர் நம்பரை எழுதிக் கொடுத்திருக்கிறேன். எழுதியதே எனக்கு ஞாபகம் இல்லை. அவரைத் திட்டக்கூட வழியில்லாமல் அடுப்படியில் நின்று அழுதேன்.

மறுநாள் காலை மகள் பள்ளிக்குக் கிளம்பியதும், ஸ்பீக்கரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பேப்பரில் இருந்த காலேஜ் லேண்ட்லைனுக்குக் கூப்பிட்டேன். அலுவலகத்தில் ஒரு பெண் எடுத்தாள்.

"நேத்து வந்த பதில் என்னோடது இல்லங்க. என் வீட்டுக்காரர் போட்டது. நான் வேலைக்கு வாரேன். திங்கக்கெழம வந்து சேந்துக்கிறேன்."

"சரிங்க மேடம். அப்ப ஒங்க நம்பரச் சொல்லுங்க, மாத்தி எழுதிக்கிறேன்."

வாயைத் திறந்தேன். அவர் நம்பர்தான் வரிசையாக வந்து நின்றது. பன்னிரண்டு வருடமாக நான் வைத்திருக்கிற என் நம்பர் எனக்கு மனப்பாடமாகத் தெரியவில்லை.

"ஒரு நிமிஷம் இருங்க" என்று சொல்லிவிட்டு, போனுக்குள் என் நம்பரைத் தேடினேன்.