நம்பர் வெட்டிய பிலிம்

என் கோணல் கையெழுத்தையும் பிழைகளையும் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஐந்தாவதோடு நின்றவன். ஆட்டோக்களுக்கும் தண்ணீர் டேங்கர்களுக்கும் நம்பர் எழுதுவதுதான் தொழில் என்றாலும், அது அச்சு வைத்துப் பெயின்ட் அடிப்பது. பேனா எனக்குப் பழக்கமில்லை.

எண் வடிவில் ஓட்டை போட்டு அச்சு வெட்ட எக்ஸ்ரே பிலிம்தான் நல்லது. அட்டை பெயின்டில் ஊறிவிடும். பெங்களூர் ஈஜிபுராவில் எங்கள் தெருக்காரர்கள் பழைய பிலிம்களை என்னிடம்தான் கொடுப்பார்கள்.

போன மாதம் என் மனைவிக்கு மார்பில் மேமோகிராம் என்கிற எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டரம்மா படத்தில் ஒரு வெள்ளைப் புள்ளியைக் காட்டினார்.

"ரெண்டு வருஷம் முன்னாடி எடுத்த பிலிம் எங்க? அதுலயும் இது இதே சைஸ்ல இருந்தா பயமில்லம்மா. புதுசுன்னா ஊசி போட்டு சதை எடுத்து, கேன்சரான்னு பாக்கணும்."

மனைவி என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். அப்போது பயமில்லை என்று சொல்லிவிட்டார்களே, இனி எதற்கு என்று அந்தப் பிலிமை நான் அச்சுக்கு வெட்டிவிட்டேன். எடுத்த சென்டரும் மூடியாகிவிட்டது.

"வீடு மாத்தினப்போ தொலைஞ்சிருச்சு மேடம்" என்றேன்.

வெளியே வந்ததும் மனைவி கேட்டாள்: "ஏங்க, நாம எப்ப வீடு மாத்துனோம்? பிலிம் வேணும்னா உங்க முதுக எக்ஸ்ரே எடுத்து வெட்டிக்க வேண்டியதுதானே."

அச்சு டப்பாவைக் கவிழ்த்துத் தேடினேன். கிடைத்த துண்டைத் துடைத்து, மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்தேன். டாக்டரம்மா வெளிச்சத்தில் பிடித்தார்.

"இது என்ன, எட்டா?"

"ஆமா மேடம்."

"புள்ளி இருக்க வேண்டிய இடத்துல ஓட்டையில்ல இருக்கு."

ஊசி போட்டார்கள். அவளுக்குக் கையைத் தூக்கித் தலை வார முடியவில்லை. ரிசல்ட்டுக்காக மூன்று முறை போனேன். மூன்று முறையும் கவுன்டரில் நிமிர்ந்து பார்க்காமல் கன்னடத்தில் "நாளே பன்னி" என்றார்கள். நாளைக்கு வாங்க, நாளைக்கு வாங்க. அவர்கள்மேல் வந்த எரிச்சலெல்லாம் என்மேலேயே திரும்பியது.

நான்காவது முறை ரிசல்ட் கிடைத்தது. கேன்சர் இல்லை. "ஆறு மாசம் கழிச்சு வாங்க, இந்தப் பிலிமோட" என்றார் டாக்டரம்மா, என்னைப் பார்த்து. மனைவி அதைப் பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். ஒரு பிலிமை வைத்திருந்தால் அந்த ஊசியே தேவைப்பட்டிருக்காது.

இன்று காலை பக்கத்து வீட்டம்மா ஒரு பிலிமை நீட்டினார். வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டார். சொல்லக் கூச்சமாக இருந்தது. அதனால் இதை எழுதிவிட்டேன்.

14 ஜூலை 2024, ஞாயிறு.