பதினாலு வீட்டுப் பச்சை விளக்கு

கண்ணுசாமிக்குச் சண்டை ஆகாது. டீக்கடையில் ரெண்டு பேர் சத்தம் போட்டால் பாதி டீயை வைத்துவிட்டு வந்துவிடுவார். தங்கச்சிகள் மூன்று பேருக்கும் தீபாவளிக்கு ஒரே நிறத்தில், ஒரே கரையில் சேலை. மூன்று பேருக்குமே அது பிடிக்காது. ஆனால் ஒருத்திக்குக் கூட, ஒருத்திக்குக் குறைய என்று பேச்சு வராது. அவருக்கு அது போதும்.

குவைத்தில் பதினோரு வருஷம் எலக்ட்ரீசியனாக இருந்துவிட்டு அறந்தாங்கிக்குத் தெற்கே கருவேலங்குடிக்குத் திரும்பியவர், கிழக்குத் தெருவில் சோலார் மாட்ட ஆரம்பித்தார். தன் வீட்டோடு சேர்த்துப் பதினாலு வீடு. மாடியில் தகடு, கார் நிறுத்தும் இடத்துச் சுவரில் இன்வெர்ட்டர்; அது ஓடினால் முகப்பில் ஒரு பச்சை விளக்கு எரியும். பதினாலும் ஒரே கம்பெனி, தரையிலிருந்து ஒரே உயரம். உள்ளே இருக்கும் செட்டிங் வரைக்கும் ஒன்றுபோல.

அந்த ஒன்றுபோலதான் வினையாக வந்தது.

சித்திரை வெயிலில் பதினாலு வீடும் சேர்ந்து தெருக் கம்பியில் கரண்டைத் தள்ளின. வோல்டேஜ் ஏறி 260ஐத் தாண்டியதும் பதினாலு இன்வெர்ட்டரும் ஒரே நொடியில் கம்பியிலிருந்து கையை விட்டன. வோல்டேஜ் பொத்தென்று விழுந்தது. சரியாக ஒரு நிமிஷம் கழித்துப் பதினாலும் ஒன்றாக உள்ளே வந்தன. மறுபடி ஏற்றம், மறுபடி இறக்கம். உச்சி நேரம் முழுக்கத் தெருவில் எல்லா ஃபேனும் சாமி வருவதும் மலையேறுவதுமாக இருந்தது. பொற்கொடியின் மாவு மில்லில் மோட்டார் முக்கியது. செவந்தி வீட்டு டிவி புகைந்தது.

மின்வாரிய உதவிப் பொறியாளர் அருணா மீட்டரோடு வந்து டிரான்ஸ்பார்மர் அடியில் ஒரு மணி நேரம் நின்றாள்.

“செட்டிங் வச்சது யாருங்க?”

கண்ணுசாமி பெருமையாகவே முன்னால் வந்தார். “நான்தாங்க மேடம். வீட்டுக்கு வீடு ஒரு புள்ளி வித்தியாசம் இருக்காது.”

“அதாங்க கோளாறே. பதினாலு பேரும் ஒண்ணா ஏறி ஒண்ணா குதிச்சா பரிசல் என்னத்துக்கு ஆகும்?”

ரெண்டு காரியம் செய்யச் சொன்னாள். வோல்டேஜ் ஏற ஏற ஒவ்வொரு வீடும் தன் கரண்டைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ள வேண்டும். கரண்ட் போய் வந்தால் ஒன்றன் பின் ஒன்றாகத்தான் உள்ளே நுழைய வேண்டும். “எங்க பக்கம் டிரான்ஸ்பார்மர்ல வோல்டேஜை முடிஞ்ச மட்டும் குறைச்சாச்சு. வெள்ளிக்கிழமை வருவேன். அன்னிக்கும் ஆடுச்சுன்னா பதினாலையும் லைன்லேருந்து கழட்டிருவேன்.”

கழற்றினால் கண்ணுசாமி அந்தத் தெருவில் தலை காட்ட முடியாது. எல்லா வீட்டிலும் அவர் வாயை நம்பித்தான் மாட்டினார்கள்.

சாயங்காலம் மலையாண்டி வீட்டுக் கார் நிற்கும் இடத்தில் கூட்டம் போட்டார்கள். கரண்டைக் குறைத்துக்கொள்வதற்கு ஐந்து நிமிஷத்தில் எல்லோரும் தலையாட்டினார்கள். குறைவது யார் கண்ணுக்கும் தெரியாது. வரிசை என்றதும் நாற்காலிகள் நகர்ந்தன.

“இதுல பேச என்ன இருக்கு? கோயில்ல மொத திருநீறு எங்க வீட்டுக்குத்தான்” என்றார் மலையாண்டி.

“சூரியன் என்ன ஒங்க கோயில் குதிரையாண்ணே, ஒங்க வீட்டுல வந்து நிக்கிறதுக்கு?” என்றாள் செவந்தி. “டிவியப் பறிகொடுத்தவ நானு. மொதல்ல எனக்குத்தான் வேணும்.”

தெரு வரிசைப்படி என்றால் மேற்கிலிருந்தா கிழக்கிலிருந்தா என்று நின்றது. மாட்டிய தேதிப்படி என்றால் கடைசியாக மாட்டிய வீட்டுக்காரர் எழுந்து செருப்பைத் தேடினார். சீட்டுக் குலுக்கலாம் என்றபோது, குலுக்குவது யார் என்று கேட்டார்கள். ரெண்டு நாள் இப்படியே போனது.

வியாழக்கிழமை காலையில் கண்ணுசாமி லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனார். கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு மெதுவாகச் சொன்னார்: “நீங்கதான் மொதல்ல. வெளிய சொல்லிராதீக.”

பதிமூன்று வீட்டில் சொன்னார். பதிமூன்று வீட்டிலும் காப்பி கிடைத்தது. செட்டிங்கில் மட்டும், கரண்ட் குறைவதோடு சேர்த்து, அரை நிமிஷ இடைவெளி விட்டு ஒன்றிலிருந்து பதினாலு வரை போட்டார். பதினாலாவது தன் வீடு.

மனைவி மீனம்மாள் கேட்டாள். “நாளைக்குத் தெரிஞ்சுருமே?”

“வெயில்ல எவன் வெளிய வந்து பாக்கப் போறான்?”

வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு அருணா கரண்டை நிறுத்திப் போடச் சொன்னாள். லைன்மேன் போட்டார். தெருவில் ஒரு வீடு பாக்கியில்லாமல் ஆட்கள் வெளியே நின்றார்கள். தான் முதலில் வருவதை மற்றவர்கள் பார்க்க வேண்டுமே.

முதல் பச்சை விளக்கு தெருக்கோடியில் மணியக்காரர் வீட்டில் எரிந்தது. ரெண்டாவது செவந்தி வீடு. மூன்றாவது, நாலாவது. மலையாண்டி தன் இன்வெர்ட்டரை முறைத்தபடி நின்றார். ஒன்பதாவதாக அது எரிந்தபோது அவர் தோள் துண்டு கைக்கு வந்திருந்தது.

“டேய் கண்ணு!”

“நீங்கதான் மொதல்லன்னு என்கிட்டயும் சொன்னீகளே!” என்று செவந்தி. “ரெண்டாவதுன்னா நான் வேண்டாம்னே சொல்லிருப்பேன்!” ஆளுக்கு ஒரு பக்கம் கத்தினார்கள். அருணா மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். 246. கால் மணி நேரம் போனது. 247. ஆணி அடித்ததுபோல அங்கேயே நின்றது. மில்லில் மோட்டார் சீராக ஓடியது.

“அருமைங்க. கழட்ட வேண்டியதில்ல” என்று கையெழுத்துப் போட்டாள். “இவுங்க எதுக்குச் சத்தம் போடுறாங்க?”

“சந்தோசத்துல மேடம்” என்றார் கண்ணுசாமி.

ஜீப் போனதும் மலையாண்டி கண்ணுசாமியின் சட்டையைப் பிடித்தார். “ஒன் வீட்ட எத்தனாவது போட்ட? உண்மையச் சொல்லு.”

“கடைசிண்ணே. பதினாலாவது. சத்தியமா.”

பிடி தளர்ந்தது. மலையாண்டி யோசித்தார். யோசிக்க யோசிக்க முகம் மறுபடி சிவந்தது. “ஊரெல்லாம் சாப்புட்டப்பறம் பந்தி வச்சவன் எல போடுவான், அந்த மாதிரியா? பெரிய மனுசன் எடத்த ஒனக்கு வச்சுக்கிட்டு எங்கள முன்னால தள்ளிவிட்டியாக்கும்?”

“அய்யய்யோ, அப்புடி இல்லண்ணே.”

“கடைசிய எனக்குப் போடு.”

கண்ணுசாமி நிம்மதியாக மூச்சு விட்டார். பதினாலாவதைக் கொடுப்பதில் அவருக்கு ஒரு கஷ்டமும் இல்லை. “போட்டுடறேண்ணே, மெதுவாப் பேசுங்க” என்று சொல்லித் திரும்பிப் பார்த்தார். செவந்தி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தெருவைக் கடந்து வந்துகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் மணியக்காரரும் வந்தார்.